தாங்க்ஸ்கிவிங் வாரக் கடைசியில் எந்தப் பெரிய டீம் கவிழும்?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கொலம்பஸுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரக் கடைசிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) கணிப்புப் போட்டி வைக்கிறார்கள். பத்து ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்ப்ரெட் (எத்தனை புள்ளி வித்தியாசத்தில் பலமான டீம் ஜெயிக்கும் என்ற பந்தயக் கணிப்பு) குறைந்தது ஏழு புள்ளி இருக்கும் ஓர் ஆட்டத்தை மட்டும் 'அப்செட்', அதாவது பலவீனமான டீம் ஜெயிக்கும் என்று குறிக்கலாம். அது பலித்தால் மூன்று மடங்கு மதிப்பெண். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

ஓர் எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் இருப்பது கொலம்பஸ். அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள், பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி ஒட்டி மறைத்திருப்பார்கள். பரம வைரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெயரையே சொல்லமாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள். பழைய கோச் வூடி ஹேஸ் காலத்துப் பழக்கம். உங்கள் அப்செட் கட்டத்தில் மிச்சிகன் என்று எழுதினால், அது பலித்தாலும் திங்கட்கிழமை மதியம் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். எழுதலாமா கூடாதா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இந்தப் பக்கம் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இதே மாதிரி ஓர் அலுவலகப் போட்டியில் முதல் ஆறேழு வருடம் எனக்குக் கடைசி இடம்தான். 'இந்த வாரம் எந்தச் சின்ன டீம் நன்றாக ஆடும்?' என்று யோசித்து யோசித்தே தோற்றேன். அது அந்த டீமின் கோச்சுக்கே தெரியாது. யோசிக்க வேண்டியது வேறு: அந்த ஆட்டத்தில் பந்து எத்தனை முறை கை மாறும்?

விதி உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். பந்து கைக்கு வந்தால் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நான்கு முயற்சி. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படிப் பந்து கையில் இருக்கும் ஒரு தவணையைத்தான் பொசெஷன் என்கிறார்கள். சாதாரணமாக ஓர் ஆட்டத்தில் ஒரு டீமுக்குப் பன்னிரண்டு தவணை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு தவணை கிடைத்தால் பலசாலி ஒன்றிரண்டைக் கோட்டை விட்டாலும் மிச்சத்தில் ஈடு கட்டிவிடுவான். அதையே எட்டாகக் குறைத்துவிட்டால்? ஒரு ஃபம்பிள் (கையிலிருந்து பந்து நழுவுவது), கோல் போஸ்ட்டுக்கு நடுவே போகாமல் தவறிய ஒரு மூன்று புள்ளி கிக், அவ்வளவுதான், ஈடு கட்ட நேரம் இருக்காது.

கிரிக்கெட்டில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பது ஓவர் ஆடினால் பெரிய அணி சின்ன அணியை விழுங்கிவிடும். மழை வந்து இருபது ஓவராகச் சுருங்கினால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். இங்கே மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சின்ன டீமே ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ள முடியும். பந்தைத் தூக்கி எறிந்து அதை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்க நாற்பது விநாடி அவகாசம் உண்டு. அந்த நாற்பதில் முப்பத்தெட்டை வேண்டுமென்றே தின்றுவிட்டு அப்புறம் ஆடலாம். 2023-இல் விதியையும் மாற்றினார்கள். முன்பெல்லாம் பத்து கெஜம் கடந்தவுடன் கடிகாரம் கொஞ்சம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் அப்படி நிற்கிறது. ஆட்டங்கள் இன்னும் சுருங்கின. இந்த மாற்றத்தால் பெரிய டீமைவிடச் சின்ன டீமுக்குத்தான் லாபம் என்பது என் கணிப்பு.

2024 அக்டோபர் 5-ஆம் தேதி நாஷ்வில்லில் நடந்த ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். வாண்டர்பில்ட் படிப்புக்குப் பேர் போன தனியார் பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் பல வருடம் எல்லாரும் வந்து அடித்துவிட்டுப் போன டீம். எதிரே நாட்டின் நம்பர் ஒன் அலபாமா. வாண்டர்பில்ட் அலபாமாவைக் கடைசியாக வென்றது 1984-இல். அன்று 40-35 என்று ஜெயித்தார்கள். தொலைக்காட்சியில் எல்லாரும் 'அதிசயம், அதிசயம்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு எண்ணைப் பாருங்கள்: அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பத்திரண்டு நிமிடம் பந்து வாண்டர்பில்ட் கையில் இருந்தது. மூன்றாவது முயற்சியில் பத்து கெஜத்தை எட்ட வேண்டிய கட்டம் பதினெட்டு முறை வந்தது; பன்னிரண்டில் எட்டினார்கள். அலபாமாவின் வேகமான பையன்கள் எல்லாம் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டத் தொடக்கத்திலேயே அலபாமாவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜேலன் மில்ரோ எறிந்த ஒரு பந்தை வாண்டர்பில்ட் பறித்து, அப்படியே எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓடிப் போய் ஆறு புள்ளி டச்டவுன் ஆக்கியது. தவணை குறைவாக இருக்கும் ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் போதும். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, மூன்று மைல் தெருத்தெருவாகத் தோளில் சுமந்து போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். மைதானத்துக்குள் கூட்டம் புகுந்ததற்காகப் பல்கலைக்கழகம் ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வாண்டர்பில்ட் டீமின் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா. இந்தப் பையனின் கதை உங்கள் போட்டிக்கு நேரடியாகவே உதவும். பெரிய காலேஜ் எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. ஒரு ஜூனியர் காலேஜில் ஆடினான், பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட். 2023 நவம்பரில் அந்த நியூ மெக்சிகோ ஸ்டேட் ஆபர்னுக்குப் போனது. ஆபர்ன் அவர்களுக்கு 18.5 லட்சம் டாலர் கொடுத்து அழைத்திருந்தது. இங்கே இது சகஜம். பெரிய காலேஜ் காசு கொடுத்துச் சின்ன காலேஜை வரவழைத்து, அடித்து அனுப்பும். அன்று காசையும் வாங்கிக்கொண்டு 31-10 என்று ஆபர்னை அடித்துவிட்டுப் போனார்கள். அதிலும் பெரும்பாலான நேரம் பந்து பாவியா டீமிடம்தான். அடுத்த வருடம் அவன் வாண்டர்பில்ட்டுக்கு மாறினான். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் அவனை ஆட வைத்தவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். ஆள் அதே ஆள், ஆட்டமும் அதே ஆட்டம், சட்டை மட்டும்தான் வேறு. ஆகவே ஒரு சின்ன டீமைப் பார்க்கும்போது அந்த காலேஜின் பெயரையும் பழைய வரலாற்றையும் பார்க்காதீர்கள். குவார்ட்டர்பேக் எங்கிருந்து வந்தான், இதற்கு முன் யாரைக் கவிழ்த்திருக்கிறான் என்று பாருங்கள். வீரர்கள் வருடாவருடம் காலேஜ் மாறும் காலம் இது. 'வாண்டர்பில்ட்டா, சொத்தை டீம்' என்று சொன்னவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய வாண்டர்பில்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆபர்ன் தோல்வி எந்த வாரம் நடந்தது தெரியுமா? அலபாமாவோடு ஆடும் பரம வைரிகளின் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. அலபாமா வாண்டர்பில்ட்டிடம் தோற்றது ஜார்ஜியாவை 41-34 என்று வென்ற அடுத்த வாரம். 2024 செப்டம்பரில் நோட்ரடாம் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று மண்ணைக் கவ்வியது டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை வெளியூரில் வென்ற அடுத்த வாரம். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் 42-37 என்று தோற்றது ஓரெகனோடு ஓவர்டைம்வரை போராடித் தோற்ற அடுத்த வாரம். அதோடு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விமானப் பயணம் வேறு. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். கல்யாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடிய ஆளை நான்காம் நாள் எழுப்பி வேலைக்கு அனுப்பினால் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருப்பார்கள். பெரிய ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் வாரம்தான் பொறி வைக்கும் வாரம்.

அந்த யுசிஎல்ஏ ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கை. கோச்சை ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம்தான் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடும் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஜெரி நியூஹைசல் என்பவரிடம் ஆட்டம் வகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். குழப்பத்தில் இருக்கும் டீம், நிச்சயம் உதை வாங்கும் என்று எல்லாரும் எழுதினார்கள். நானும்தான். ஆனால் அவர் எப்படி ஆட்டம் வகுப்பார் என்று பார்த்துத் தயாராக பென் ஸ்டேட் கையில் ஒரு வீடியோகூட இல்லை. இடைவேளையில் 27-7. ஒரு டீம் குழப்பத்தில் இருக்கிறது என்றால் அதை எதிர்கொள்ளப் போகும் டீமுக்கும் அதில் பாதி குழப்பம் உண்டு என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்பது தாங்க்ஸ்கிவிங் வாரம். அந்த வாரத்தில் இந்தப் பொறிக் கணக்கு பாதிதான் செல்லும். ஏனென்றால் அன்று நடப்பவை பெரும்பாலும் பங்காளிச் சண்டை. ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆடும்போது எந்தப் பையனும் அசட்டையாக வரமாட்டான். அந்த வாரம் கவிழ்வதற்குக் காரணம் வேறு: தோற்கக் கூடாதே என்ற பயம்.

2024 நவம்பர் 30. இதே கொலம்பஸ். ஒஹாயோ ஸ்டேட் நாட்டில் இரண்டாம் இடம், ஒரே ஒரு தோல்வி. மிச்சிகன் ஆறு வெற்றி, ஐந்து தோல்வி, ரேங்கே இல்லை. ஸ்ப்ரெட் சுமார் இருபது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித் என்று ஒரு முதலாண்டுப் பையன். பந்தை எறிந்தால் யார் தலைக்கு மேலிருந்தும் பறிப்பான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடமும் மிச்சிகனிடம் தோற்றிருந்தார்கள். ஊரெல்லாம் ஒரே பேச்சு: 'நம்மவர்கள் பலசாலிகள் இல்லை, மோதினால் ஒதுங்குகிறார்கள்.' அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல நினைத்தார்களோ என்னவோ, திரும்பத் திரும்ப நடுவில் முட்டி ஓடினார்கள். நடுவில் நின்றது யார்? மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும். இரண்டு பேரையும் அடுத்த ஏப்ரலில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தன. அந்த மலை மேல் முட்டி ஒஹாயோ ஸ்டேட் எடுத்த ஓட்டம் மொத்தம் 77 கெஜம். மிச்சிகன் எறிந்து எடுத்தது வெறும் 62 கெஜம். அதில் என்ன ஆட்டம் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஓடினார்கள், விழுந்தார்கள், கடிகாரத்தைத் தின்றார்கள். இடைவேளையில் 10-10. பிற்பாதியில் ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மிச்சிகனின் கிக்கர் டொமினிக் ஸவாடா முதல் பாதியில் 54 கெஜத்திலிருந்து ஒன்று போட்டிருந்தார். 45 விநாடி மிச்சம் இருக்கும்போது கிட்டத்திலிருந்து இன்னொன்று. 13-10. ஒஹாயோ ஸ்டேட்டின் கிக்கர் நாற்பது கெஜத்துக்குள் இரண்டு வாய்ப்பைத் தவறவிட்டிருந்தார். தோற்றது மூன்று புள்ளியில்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்று காரேஜைத் திறந்து வைத்து, டிவியை அங்கே கொண்டுவந்து, ஹீட்டர் போட்டு முப்பது பேரை அழைத்திருந்தார். நான் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி கொண்டுபோயிருந்தேன். இரண்டாவது கிக் தவறியபோது யாரும் கத்தவில்லை, திட்டவும் இல்லை. அவர் எழுந்துபோய் கிரில்லை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆட்டம் இன்னும் சமநிலையில்தான் இருந்தது, நேரமும் நிறைய இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. பஜ்ஜியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்.

(அதே ஒஹாயோ ஸ்டேட் அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் வரிசையாக ஜெயித்து ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆனது. 2024-இலிருந்து தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் பன்னிரண்டு அணிகள் ஆடுவதால் ஒரு தோல்வி இப்போது ஆளைக் கொல்வதில்லை. ஆனாலும் இந்த ஊரில் சிலரிடம் கேட்டுப் பாருங்கள், கோப்பையைவிட அந்த 13-10-ஐத்தான் முதலில் சொல்வார்கள்.)

அந்த ஆட்டத்தை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? முழுக்க முடியாது. ஆனால் இரண்டு தடயங்கள் இருந்தன. ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையில் இடது டேக்கிள், சென்டர் என்று இரண்டு முக்கியமான ஆட்கள் சீசன் நடுவில் காயம்பட்டு வெளியே போயிருந்தார்கள். எதிரே இருந்ததோ மிச்சிகன் டீமிலேயே பலமான பகுதி. இது செய்தித்தாளில் இருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குவார்ட்டர்பேக்குக்குக் கணுக்கால் சுளுக்கு என்றால் ஊரே பேசும், சென்டருக்கு என்றால் ஒரு வரிச் செய்தி. நீங்கள் அந்த ஒரு வரிச் செய்தியைத் தேடிப் படியுங்கள். இன்னொன்று கிக்கர். ஸ்ப்ரெட் பெரிதாக இருக்கும் ஆட்டத்தில் கிக்கரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஆட்டம் சுருங்கினால் முடிவு அவன் காலில்தான். நவம்பர் கடைசியில் ஒஹாயோவில் காற்றும் குளிரும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். சனிக்கிழமை காலை காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

பங்காளிச் சண்டையில் பலவீனமானவன் ஜெயிப்பது புதிதும் அல்ல. 1969-இல் வூடி ஹேஸின் ஒஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்து நம்பர் ஒன்னாக மிச்சிகனுக்குப் போனது. மிச்சிகனுக்கு அந்த வருடம்தான் வந்திருந்த புது கோச் போ ஷெம்பெக்லர், ஹேஸிடமே வேலை பார்த்துத் தொழில் கற்றவர். 24-12 என்று குருவைக் கவிழ்த்தார். எதிராளிக்கு உன் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரியும் என்றால் ஸ்ப்ரெட்டில் சில புள்ளிகளைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்ப்ரெட் என்றேனே, அதைப் பற்றி. டீமின் பெயருக்கு முன்னால் இருக்கும் ரேங்க் எண்ணை மறந்துவிடுங்கள். ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) ரேங்க் பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டு. இதுவரை என்ன நடந்தது என்பதற்கான மதிப்பெண் பட்டியல். ஸ்ப்ரெட் அப்படி அல்ல. இந்தச் சனிக்கிழமை இந்த இரண்டு பேரும் ஆடினால் எத்தனை புள்ளி வித்தியாசம் வரும் என்று பணம் போடுகிறவர்கள் சேர்ந்து எட்டிய எண். அடுத்த வாரத்து எண்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பத்தாக ஆரம்பித்தது ஏழரைக்கு வந்தால் யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது.

தோராயமாகச் சொன்னால், ஏழு புள்ளி ஃபேவரிட் (ஸ்ப்ரெட்டின்படி ஜெயிக்க வேண்டிய டீம்) நான்கில் மூன்று முறை ஜெயிக்கும். பதினான்கு புள்ளி என்றால் எட்டில் ஏழு. இருபதைத் தாண்டினால் இருபதில் ஒரு முறை தோற்றால் பெரிது. இப்போது உங்கள் அலுவலகக் கணக்கைப் போடுங்கள். அப்செட் பலித்தால் மூன்று, பலவானையே எழுதி அவன் ஜெயித்தால் ஒன்று. பலவீனமானவனுக்கு நான்கில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் இரண்டும் சமம். அதாவது ஏழு புள்ளி பக்கத்தில் இருக்கும் ஆட்டம்தான் கணக்குக்குக் கட்டுப்படியாகும். இருபது புள்ளி ஆட்டத்தில் அப்செட் என்று எழுதுவது லாட்டரிச் சீட்டு. வாண்டர்பில்ட் கதையையும் மிச்சிகன் கதையையும் நான் இவ்வளவு நேரம் சொன்னது காரணம் புரிவதற்காக. அதைப் பார்த்துவிட்டு இருபது புள்ளி ஆட்டத்தில் போய் விழுந்துவிடாதீர்கள். ஒரு வாரக் கடைசியில் எங்காவது ஒரு பெரிய தலை உருள்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பத்து ஆட்டம், ஒவ்வொன்றிலும் பலவீனமானவனுக்கு நூற்றில் பத்து வாய்ப்பு என்றால், ஒன்றாவது கவிழ்வதற்கு நூற்றில் 65 வாய்ப்பு உண்டு. எந்த ஆட்டம் என்பதுதான் தெரியாது. 'நான்தான் சொன்னேனே' என்று திங்கட்கிழமை வருகிறவர் பெரும்பாலும் மற்ற ஒன்பதையும் சொல்லியிருப்பார்.

இனி ஆட்டங்கள். அலபாமாவும் ஆபர்னும் மோதும் அயர்ன் போல் எல்லார் பட்டியலிலும் இருக்கும். 2013-இல் ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்க அலபாமா 57 கெஜத்திலிருந்து ஒரு கிக் அடித்து, அது எட்டாமல் விழ, கோல் கோட்டுக்குப் பின்னால் நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி ஜெயித்துக் கொடுத்த ஆட்டத்தை யூடியூபில் பாருங்கள், நேரம் வீணாகாது. ஆனால் அது நடந்தது ஆபர்னில். ஒற்றைப்படை ஆண்டில் ஆபர்ன், இரட்டைப்படை ஆண்டில் அலபாமாவின் ஊரான டஸ்கலூசா. ஆபர்னில் ஏதாவது விபரீதம் நடந்துகொண்டே இருக்கும். 2023-இல் நான்காவது முயற்சி, 31 கெஜம் வேண்டும், அதிலும் அலபாமா டச்டவுன் போட்டுத் தப்பித்தது. டஸ்கலூசாவில் ஆபர்ன் கடைசியாக ஜெயித்தது 2010-இல், 24-0 என்று பின்தங்கி 28-27 என்று. 2024 வரை அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே ஆண்டைப் பார்த்து எழுதுங்கள். டஸ்கலூசா என்றால் அலபாமா, யோசிக்கவே வேண்டாம்.

டெக்சாஸுக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கும் 2011-க்குப் பிறகு நின்றுபோன சண்டை 2024-இல் திரும்ப ஆரம்பித்தது. இரண்டு வருடமும் டெக்சாஸ்தான். 2025-இல் ஏ அண்ட் எம் ஒரு தோல்விகூட இல்லாமல் ஆஸ்டினுக்குப் போய் 27-17 என்று தோற்றது. இரண்டும் பெரிய டீம், ஸ்ப்ரெட் ஏழைத் தொடுவதே கஷ்டம், உங்கள் கட்டத்துக்கு உதவாது.

மிசிசிப்பி மாநிலத்துப் பங்காளிகளான ஓல் மிஸ்ஸும் மிசிசிப்பி ஸ்டேட்டும் ஆடும் எக் போல் வேறு ரகம். 2019-இல் ஓல் மிஸ் வீரர் ஒருவர் நான்கு விநாடி மிச்சமிருக்க டச்டவுன் போட்டார். இன்னும் ஒரே ஒரு புள்ளி கிக் போட்டால் ஆட்டம் சமன். சந்தோஷத்தில் தவழ்ந்து, நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். பதினைந்து கெஜ அபராதம். கிக்கை அவ்வளவு தூரம் பின்னாலிருந்து அடிக்க வேண்டியதாகி, தவறிப்போய், 21-20 என்று தோல்வி. சில நாளில் அந்த கோச்சுக்கு வேலை போனது. ஜெயித்த டீமின் கோச்சுக்கும் அடுத்த சில வாரத்தில் போனது, அது தனிக் கதை. இப்படிப்பட்ட ஆட்டத்தை எந்தக் கணக்கில் அடக்குவீர்கள்? ஃபேவரிட்டை எழுதிவிட்டு நகருங்கள்.

பங்காளிச் சண்டை அல்லாத ஆட்டங்களை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பழைய பொறிக் கணக்கு அங்கே முழுசாகச் செல்லும். அடுத்த வாரம் தங்கள் கான்ஃபரன்ஸின் (லீக் பிரிவின்) இறுதியாட்டத்துக்குப் போக ஒரே ஒரு வெற்றி பாக்கி என்று ஒரு டீம் வெளியூருக்கு வரும், மனசு முன்னாலேயே போயிருக்கும். 2024-இல் மயாமி அப்படித்தான் சிரக்யூசுக்குப் போனது. 21-0 என்று முன்னிலை. முடிவு 42-38, சிரக்யூஸ் வெற்றி. அன்று சிரக்யூசுக்குப் பந்து எறிந்தது கைல் மெக்கார்ட். முந்தைய வருடம் மிச்சிகனிடம் தோற்றபோது ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர், அதன் பிறகு காலேஜ் மாறிப் போனவர். இந்த ஊரில் அவர் பெயரை மெல்லச் சொல்லவும்.

ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும்? இரட்டைப்படை ஆண்டில் கொலம்பஸ். 2025-இல் மிச்சிகன் மைதானத்தில் பனியில் ஆடி 27-9 என்று ஒஹாயோ ஸ்டேட் ஜெயித்துவிட்டதால் நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பயம் போன டீமைக் கவிழ்ப்பது கடினம். ஸ்ப்ரெட் பத்துக்கு மேல் என்றால் ஒஹாயோ ஸ்டேட்டையே எழுதுங்கள். மதிய சாப்பாடும் கெடாது.

என் கட்டம் ஜார்ஜியா டெக், எதிரணி ஜார்ஜியா. 2024-இல் ஜார்ஜியாவின் ஊரான ஏதன்ஸில் இடைவேளையின்போது டெக் 17-0 என்று முன்னால் இருந்தது. டெக் குவார்ட்டர்பேக் ஹெய்ன்ஸ் கிங் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி ஓடிக் கடிகாரத்தைத் தின்றார். கடைசி சில நிமிடத்தில் ஒரு ஃபம்பிள். ஜார்ஜியா சமன் செய்தது. அப்புறம் ஓவர்டைம், ஒன்றல்ல, எட்டு. மூன்றாவதிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு முயற்சி, கிட்டத்தட்ட பெனால்ட்டி ஷூட்அவுட் மாதிரி. 44-42, ஜார்ஜியா. அடுத்த வருடம் 16-9, மறுபடியும் ஜார்ஜியாதான், ஆனால் ஸ்கோரைப் பாருங்கள், அதுவும் சுருங்கிய ஆட்டம். 2016-இல் டெக் ஏதன்ஸுக்குப் போய் 28-27 என்று ஜெயித்ததற்குப் பிறகு ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. அதனால் அலுவலகத்தில் யாரும் அதை எழுதமாட்டார்கள். எல்லாரும் எழுதும் அப்செட் பலித்தால் உங்களுக்கு என்ன லாபம்?

ஸ்ப்ரெட் ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றால், டெக்கின் குவார்ட்டர்பேக் தானே ஓடுகிறவனாக இருந்தால், ஜார்ஜியா முன்வரிசையில் காயம் பற்றி ஒரு வரிச் செய்தி கண்ணில் பட்டால், எழுதுங்கள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாவிட்டால் அந்த வாரம் ஏழு புள்ளி ஸ்ப்ரெட் உள்ள வேறு ஏதாவது ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, மற்ற ஒன்பதிலும் ஃபேவரிட்டையே எழுதி வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்துவிடுங்கள். சில ஆட்டங்கள் வெள்ளிக்கிழமையே நடந்துவிடும், என் முதல் வருடம் அதில்தான் இரண்டு மதிப்பெண் போனது.